நின்று பார்த்தவர் பெயர்

நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவில் மக்கள். மலையில் பெய்கிற மழை கடலுக்குப் போகும் வழியில் மக்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அந்த நாட்டுக்கு மன்னரும் உண்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தலும் உண்டு. மன்னருக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் போட்டியிடுவதால் அது மக்களாட்சி, ஒவ்வொரு முறையும் அவரே ஜெயிப்பதால் மன்னராட்சி. இதில் குழப்பம் ஏதும் இருப்பதாக அந்த நாட்டுப் பாடப்புத்தகங்களில் சொல்லப்படவில்லை.

அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் ஒன்பதாம் ஓங்குவேள். அவருடைய பாட்டனார் காலத்தில் ஒரு நல்ல சட்டம் போட்டிருந்தார்கள். கடலோரத்தில் ஒரு கல்லை நட்டு, அதற்குச் சுழியக்கல் என்று பெயர் வைத்து, நாட்டின் எல்லா உயரங்களையும் அந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள். கல்லை விடப் பத்தடி உயரம் கூட இல்லாத ஊர் தாழ்நிலம். தாழ்நிலத்து ஊருக்கு ஐப்பசி பிறக்குமுன் அரசாங்கம் வடிகாலைத் தூர்வாரித் தர வேண்டும், படகுகளைப் பழுது பார்த்துத் தர வேண்டும், அருகில் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவியை ஊர்க்காரர் கையில் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். மூன்று தலைமுறையாக இந்தச் சட்டத்தின் தயவில்தான் தாழ்நிலத்துக்காரர்கள் தை மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த ஊர் எத்தனை அடி என்று சொல்ல வேண்டியது உயர அளவைத் துறை. அதன் தலைமை அளவர் ஆவுடை. ஐம்பத்து மூன்று வயது, வெயிலில் கறுத்த முகம், எண்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயரும். நாடு முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயர எண் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டு கோடிக் கட்டங்கள். கோடையில் ஒரு சிறு விமானம் மேலே பறந்து ஒளியைக் கீழே எறியும். ஒளி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் உயரம் கிடைத்துவிடும். எல்லா எண்களையும் கணினிக்குள் ஏற்றினால் நாடே ஒரு பலகை போல எதிரில் வந்து நிற்கும். அந்தப் பலகையின் மேல் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கலாம். மழை எங்கே விழுந்தால் எந்தத் தெருவுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. ஒளி சில இடங்களில் தப்பாகப் பட்டு, சுற்றிலும் இருபதடி இருக்க நடுவில் ஒரு கட்டம் மட்டும் மூன்றடி என்று காட்டும். அப்படி ஒரு பள்ளம் நிஜத்தில் இருக்காது. ஆனால் கணினியில் ஓடவிடும் தண்ணீர் அதற்குள் விழுந்து அங்கேயே நின்றுவிடும். அதனால் தண்ணீரை ஓடவிடுமுன் அந்தப் பொய்ப் பள்ளங்களை எண்ணாலேயே தூர்த்துவிடுவார்கள். பள்ளத்தின் விளிம்பில் எந்த இடம் ஆகத் தாழ்வாக இருக்கிறதோ அந்த உயரத்துக்குப் பள்ளம் முழுவதையும் நிரப்புவது. உலகத்தில் இந்தத் தொழில் தெரிந்த எல்லோரும் செய்கிற வேலைதான் இது.

ஆனால் எது பொய்ப் பள்ளம், எது நிஜப் பள்ளம் என்று கணினிக்குத் தெரியாது. அதற்காகத் துறையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பத்துக் கட்டத்துக்கு மேல் பெரிய பள்ளமாக இருந்தால் அளவர் ஒருவர் நேரில் போய், பள்ளத்தின் நடுவில் அளவுக்கோலை ஊன்றி நின்று பார்க்க வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'நின்று பார்த்தவர் பெயர்' என்று இருக்கும். அதில் பெயர் இல்லாத எந்த உயரமும் அந்த நாட்டில் செல்லாது. ஆவுடை அப்படி நின்று பார்த்த இடங்களில் ஒன்று மடுவூர். இருநூற்றுப் பதினோரு வீடு, ஐந்தடி உயரம். சுற்றிலும் பழைய காலத்துக் கரை ஒன்று, அதன் ஆகத் தாழ்ந்த இடம் பதினான்கு அடி. அப்படியானால் மடுவூர் ஏன் ஒவ்வொரு மழைக்கும் மூழ்கவில்லை என்றால், கரைக்கு அடியில் ஒரு மதகு போகிறது. வடிகால் தண்ணீர் அதன் வழியாக வெளியேறிவிடும். மேலிருந்து பார்க்கும் விமானத்துக்குக் கரை தெரியும், மதகு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். ஆவுடை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்த ஊர்க் காத்தாயி என்பவள் வீட்டில் மோரும் குடித்திருக்கிறாள்.

அது தேர்தலுக்கு ஐந்து மாதம் இருந்த ஆவணி மாதம். போன தேர்தலில் மன்னர் 'பள்ளமற்ற நெடுங்கரை' என்று வாக்குக் கொடுத்திருந்தார். நாலரை வருஷத்தில் ஒரு பள்ளமும் மேடாகவில்லை. அடிக்கல் நாட்டத் தோண்டிய குழிகளைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடித்தான் இருந்தது. பொறுப்பு அமைச்சர் அதிரூபர் கவலையில் இளைத்துப்போனதாக அவருடைய அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் அரை மணி நேர முன்னறிவிப்பில் உயர அளவைத் துறைக்கு வந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

நிஜப் பள்ளங்களைத் தனியாகப் பிரித்து விட்டுவிட்டுப் பொய்ப் பள்ளங்களை மட்டும் தூர்க்க இரண்டு நாள் ஆகும். அரை மணியில் ஆகாது. வெறும் காட்சிதானே என்று ஆவுடை எல்லாவற்றையும் சேர்த்துத் தூர்த்து ஒரு வேலைப் பிரதி தயாரித்தாள். வழக்கமாக இப்படிப்பட்ட பிரதியின் தலைப்பில் 'இது நிலம் அல்ல' என்று எழுதுவாள். அவசரத்தில் அன்றைக்கு எழுதவில்லை. பிற்பாடு அவள் தன்னையே மன்னிக்காமல் போனது இந்த மூன்று சொல்லுக்காகத்தான்.

திரையில் பெரியமடை நீர்த்தேக்கத்திலிருந்து நீலக்கோடு கிளம்பி எங்கும் நிற்காமல் கடலுக்குப் போனது.

"அற்புதம். வழியில் எங்குமே தேங்கவில்லையே அம்மையாரே" என்றார் அமைச்சர்.

"பள்ளங்களையெல்லாம் தூர்த்துட்டுத்தான் ஓடவிட்டிருக்கோம் ஐயா."

அமைச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எத்தனை பள்ளங்கள்?"

"ஆயிரத்து நானூத்துச் சொச்சம்."

"எத்தனை காலத்தில்?"

"நாலு நிமிஷம். ஐயா, இது வந்து கணக்குக்குள்ள மட்டும்..."

"நான்கு நிமிடங்கள்" என்று அமைச்சர் தன் செயலாளரைப் பார்த்துச் சொன்னார். "நான்கரை ஆண்டுகளாகப் பொறியாளர்கள் என்னிடம் மண் கேட்டார்கள், லாரி கேட்டார்கள். இந்த அம்மையார் எதையுமே கேட்கவில்லை. குறித்துக்கொள்ளும்."

செயலாளர் குறித்துக்கொண்டார். மறுநாளே முதல் ஆணை வந்தது. அந்தப் பிரதியே இனி நாட்டின் நிலப்படம். பழைய எண்கள் 'பின்தங்கிய காலத்து மதிப்புகள்' என்ற தலைப்பில் பூட்டி வைக்கப்பட்டன. கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒருவர் நினைவூட்டியபோது, அமைச்சர் எண்களுக்கு முன்னால் நேரில் நின்று பார்த்தார் என்று எழுதி அவர் பெயரையே போட்டார்கள். அரங்கத்தில் விழா நடந்தது. ஆவுடையை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தி, 'நிலமகள் நிமிரச் செய்த நங்கை' என்று பட்டம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியை அவள் முன்னால் நீட்டியபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் நன்றி என்று மட்டும் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு அமைச்சரைத் தனியே பார்த்து நயமாகச் சொல்லித் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். நயமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு படித்தவர்கள் வாயை மூடிக்கொண்ட தேதிகளை மட்டும் தொகுத்தாலே எந்த நாட்டுக்கும் ஒரு வரலாறு தேறும்.

புரட்டாசி முதல் வாரம் காத்தாயி அலுவலகத்துக்கு வந்தாள். மடுவூரில் படகு ஓட்டுகிறவள், நாற்பது வயது இருக்கும். கூடவே அவள் புருஷன் துளசி. அதிகம் பேசாத மனுஷன், கதவோரமாகவே நின்றுகொண்டான்.

"ஆவுடையக்கா, எங்க ஊரு மேடாயிடுச்சாமே" என்றாள் காத்தாயி. "நாங்க யாரும் தூக்கி வெக்கலியே. படகு கேட்டுப் போனா, பதினாலு அடியில இருக்கறவங்களுக்கு எதுக்குப் படகுன்னு கேக்கறான். அஞ்சடின்னு நீதான வந்து அளந்த."

"நான்தான் அளந்தேன்."

"அப்ப பதினாலுன்னு யாரு எழுதுனது?"

"அதுவும் நான்தான்" என்றாள்.

காத்தாயி கத்தவில்லை. துளசிதான் கதவோரத்திலிருந்து சொன்னான்: "தப்பு நடக்கறதுதான். அய்ப்பசிக்குள்ள திருத்திடுங்கம்மா. மழ காத்திருக்காது."

ஆவுடை அன்றைக்கே அமைச்சரிடம் ஓடினாள். அமைச்சர் பொறுமையாகக் கேட்டார். மடுவூர் ஐந்தடி என்று ஒப்புக்கொண்டால் அது பள்ளம். பள்ளம் என்று ஒன்று இருந்தால் நாடு பள்ளமற்ற நாடு அல்ல. நாடு பள்ளமற்றது என்று மன்னர் வாயாலேயே அறிவித்தாகிவிட்டது. ஆகவே மடுவூர் ஐந்தடி அல்ல. இதை அவர் ஒரு சிறு காகிதத்தில் அம்புக்குறி போட்டு எழுதியும் காட்டினார்.

"ஆயினும் மடுவூர் மக்களின் மனக்குறையைப் போக்க அரசு தவறாது" என்றார்.

இரண்டாவது ஆணை மனக்குறையைப் போக்கியது. மேட்டு நிலத்தில் படகு வைத்திருப்பது நிலத்தின் மீது அவநம்பிக்கை தெரிவிக்கும் செயல் என்றும், அப்படிப்பட்ட படகுகள் பறிமுதல் செய்யப்படும் என்றும் அது சொன்னது. பதினெட்டுப் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காத்தாயியின் படகு மட்டும் தப்பியது. துளசி அதைக் கவிழ்த்து, நாலு கம்பு நட்டு மேலே வைத்து, சாணி மெழுகி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக்கிவிட்டான். சோதனைக்கு வந்தவர்கள் அந்தக் கூரையின் நிழலில் உட்கார்ந்துதான் மகஜர் எழுதினார்கள்.

மூன்றாவது ஆணை, மேட்டில் வடிகால் எதற்கு என்று கேட்டது. கேள்வி கேட்டவர்களே பதிலும் சொல்லிவிட்டார்கள். வடிகால் ஓடிய இடத்தில் மன்னரின் பொன்விழா வளாகத்துக்கு மதில் எழும்பியது. கரைக்கு வெளிப்பக்கம் மதகின் வாயைச் சிமெண்டு போட்டு அடைத்து, அதன் மேல் பூச்செடி வைத்தார்கள்.

ஆவுடை விடவில்லை. மனு மேல் மனு எழுதினாள். படிவத்தின் கடைசிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, பெரிய பள்ளத்தைத் தூர்க்குமுன் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்பது துறையின் விதி, அது மீறப்பட்டிருக்கிறது என்றாள். விதி என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது. கமிட்டி போட்டார்கள். தலைவராக வந்தவர் அரசவைக் கணித மேதை வானளந்தார். அவர் இரண்டே இரண்டு இடங்களை அளந்தார். ஒன்று மடுவூர். படத்தில் பதினான்கு, கோலில் ஐந்து. படம் ஒன்பதடி கூடுதல். இன்னொன்று அரண்மனைத் தோட்டத்தில் புதிதாக வைத்த மன்னர் சிலையின் பீடம். விமானம் பறந்தபோது பீடம் இல்லை. இப்போது அதன் மேல் ஏறி நின்று அளந்ததால் படம் ஒன்பதடி குறைவு.

"கூடுதல் ஒன்பது, குறைவு ஒன்பது" என்றார் வானளந்தார். "கூட்டினால் சுழியம். சராசரிப் பிழை சுழியம். இத்தனை துல்லியமான நிலப்படம் வேறெந்த நாட்டிலும் இல்லை."

"ஐயா, ஒரு காலை நெருப்புலயும் ஒரு காலைப் பனிக்கட்டியிலயும் வச்சா சராசரியா சுகமா இருக்குன்னு சொல்றதா?" என்றாள் ஆவுடை. "ஒவ்வொரு பிழையையும் அதாலேயே பெருக்கிட்டு அப்புறம் சராசரி எடுங்க. வர்ற எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்க. ஒன்பதடி தப்புன்னு நேரா வந்து நிக்கும். முதல் வருஷப் பாடம் இது."

வானளந்தார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பிழையைப் பிழையாலேயே பெருக்குவதா? அது பிழையை வளர்க்கும் செயல் அல்லவா. இவ்வம்மையார் நாட்டில் பிழைகள் வளர வேண்டும் என்று விரும்புகிறார். அதையும் குறிப்பில் சேர்க்கவும்."

சேர்த்தார்கள். ஆவுடையின் கையிலிருந்து அளவுக்கோலை வாங்கிப் பண்டகசாலையில் வைத்தார்கள். அவள் வேலையில் இருந்தாள், ஆனால் அளக்க மட்டும் கூடாது.

ஐப்பசி பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பெரியமடை நீர்த்தேக்கத்தைத் திறந்தார்கள். மூன்று நாளாக மலையில் மழை. திறந்த அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். படத்தில் தண்ணீர் மடுவூருக்கு மேலே வழுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. அவர்மேல் கூடக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர்தான் படத்தைப் பார்க்காமல் வந்தது. கரைக்குள் புகுந்தது, மதகைத் தேடிப் போனது, சிமெண்டில் முட்டியது, திரும்பி ஊருக்குள் ஏறத் தொடங்கியது.

கரைமேல் பள்ளிக்கூடம் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி மாவட்ட அலுவலகத்தில் 'தேவையற்றவை' என்று எழுதிய அலமாரிக்குள் இருந்தது. உலக்கையால் பூட்டை உடைத்துப் பிள்ளைகளை உள்ளே ஏற்றினார்கள். காத்தாயியும் துளசியும் கொட்டகைக் கூரையைப் புரட்டிப் போட்டுப் படகாக்கினார்கள். நாலு முறை போய் வந்ததில் எண்பது பேருக்கு மேல் கரையேறினார்கள். ஐந்தாவது முறை ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், கீழத்தெருவில் ஒரு சுவர்மேல் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களையும் ஏற்றியதும் படகு விளிம்புவரை தாழ்ந்துவிட்டது. துளசி இறங்கிச் சுவர்மேல் ஏறிக்கொண்டான்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றான்.

காத்தாயி திரும்பி வந்தபோது சுவர் இல்லை. மண் சுவர்தானே.

மடுவூரில் பத்தொன்பது பேர் போனார்கள். அதில் எட்டுப் பேரின் உடல்தான் கிடைத்தது. மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியவில்லை. வடிய வழி இல்லை. பத்தொன்பது உயிரை ஒரு எண் கொன்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணைத் தப்பாக எழுதியவள் ஒருத்தி. தப்பென்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் ஓர் அரசவை நிறைய இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் படிக்கட்டுகூட நனையவில்லை.

நான்காவது நாள் சேதத்தைப் பார்க்க விமானம் பறந்தது. வழக்கம்போல ஒளியை எறிந்து உயரத்தை அளந்தது. ஒளி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியது. விளிம்பின் ஆகத் தாழ்ந்த இடம்வரை நிரம்பி, மிச்சம் வழிந்து, அதற்குமேல் ஏறாமல் நிற்கிற தண்ணீர். மடுவூர், பதினான்கு அடி. படத்தில் இருந்ததும் பதினான்கு அடி. பிழை சுழியம். கணினி தூர்த்த கணக்குப்படியே, ஓர் அங்குலம் பிசகாமல், மழையும் தூர்த்து வைத்திருந்தது.

அரண்மனையில் இனிப்பு வழங்கினார்கள்.

அமைச்சர் ஆவுடையைக் கூப்பிட்டனுப்பினார். "இயற்கையே நமது நிலப்படத்தை மெய்ப்பித்துவிட்டது அம்மையாரே. வரும் வெள்ளியன்று அவையில் துல்லியச் சான்றிதழை மன்னர் வெளியிடுகிறார். படிவத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் இம்முறை முறைப்படி நிரப்பிவிடுங்கள். மக்களே நின்று பார்த்ததாக இருந்தால் இன்னும் சிறப்பு. அவர்களை அவையில் எழுப்பிச் சால்வை போர்த்துவோம்."

ஆவுடை அவர் முகத்தையே பார்த்தாள். இருபது வருஷப் பழக்கத்தில் அமைச்சர்களைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். முன்னால் நீட்டுகிற காகிதத்தை அவர்கள் சத்தமாக வாசிப்பார்களே தவிர, படிக்க மாட்டார்கள்.

"சரிங்க ஐயா. மடுவூர்ல நின்னவங்க பேரையே எழுதிடறேன். ஊர்க்காரங்களையும் அவைக்கு வரச் சொல்லலாமா?"

"அவசியம். வண்டி அனுப்புகிறேன்."

வெள்ளிக்கிழமை அவை நிரம்பியிருந்தது. மன்னர் நடுவில், வானளந்தார் வலப்பக்கம், மேல்மாடத்தில் மடுவூர்க்காரர்கள். பத்தொன்பது சால்வைகள் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். அமைச்சர் எழுந்து, நிலத்தின் பெருமை, மன்னரின் பெருமை, துல்லியத்தின் பெருமை மூன்றையும் பேசி முடித்துவிட்டுப் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"மடுவூரின் உயரத்தை நேரில் நின்று பார்த்த குடிமக்களை இந்த அவை வணங்கிக் கௌரவிக்கிறது. பெயர் சொல்லும்போது எழுந்து நிற்கவும். திருவாளர் அய்யாக்கண்ணு."

யாரும் எழவில்லை. மேல்மாடத்தில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கூச்சப்பட வேண்டாம். திருமதி பொற்கொடி. அவரது மகன் சின்னராசு."

யாரும் எழவில்லை. அமைச்சர் ஒவ்வொரு பெயராக, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு வாசித்தார். ஆறாவது பெயரில் வானளந்தார் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார். அமைச்சருக்கு அது உறைக்கவில்லை. பத்தொன்பதாவது பெயருக்கு வந்தார்.

"திருவாளர் துளசி. மடுவூர் கீழத்தெரு. எழுந்து நிற்கவும்."

காத்தாயி எழுந்தாள்.

"அவரு நிக்கிறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு அய்யா. ஒம்போதடித் தண்ணிக்குள்ள நிக்கிறாரு. தண்ணிய எறக்கி வுடுங்க, அவரே வந்து சால்வ வாங்கிக்குவாரு."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார், அமைச்சர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் வழக்கம்போலக் குறித்துக்கொண்டார். பேசத் தெரிந்த அத்தனை பேரும் இருந்த அந்த அவையில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

மடுவூர்க்காரர்கள் அவையிலிருந்து நேராகக் கரைக்குப் போனார்கள். அரசு அனுப்பிய அதே வண்டியில்தான் போனார்கள். ஆவுடையும் ஏறிக்கொண்டாள். மதகின் வாய் பூச்செடிகளுக்குக் கீழே எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் கணக்குத் தெரியும். அவள் காலடி வைத்துக் காட்டினாள், அவர்கள் கடப்பாரை போட்டார்கள். சாயங்காலத்துக்குள் சிமெண்டு உடைந்தது. பொன்விழா மதிலையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் கிளம்பியது.

மூன்றாம் நாள் மடுவூரின் தரை தெரிந்தது. கீழத்தெருவில், சுவர் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே துளசி கிடைத்தான். அடக்கம் முடிந்த பிறகு ஆவுடை சேற்றில் இறங்கி, ஒரு மூங்கிலில் அடி குறித்து ஊன்றி, அந்த இடத்தில் நின்றாள். படிவத்தில் ஐந்தடி என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது. இதை ஆவணியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று காத்தாயியிடம் சொன்னாள். ஆமாம் என்றாள் காத்தாயி. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வழக்குப் பாய்ந்தது. பள்ளமற்ற நாட்டில் பள்ளம் உண்டாக்கியது, நாட்டின் உயரத்தை ஓரிடத்தில் ஒன்பதடி குறைத்தது, அரசுப் பூட்டை உலக்கையால் உடைத்தது, கூரையைப் படகாக மாற்றியது. இருநூற்றுப் பதினோரு குடும்பங்களும் ஓர் அரசு ஊழியரும் குற்றவாளிகள். ஆவுடையின் வேலை போனது.

ஆனால் வழக்குத் தொடுக்கும் அவசரத்தில் அமைச்சர் ஒன்றைக் கவனிக்கவில்லை. மடுவூரில் பள்ளம் உண்டாக்கினார்கள் என்று நிரூபிக்க, மடுவூர் பள்ளம் என்று முதலில் அரசே சொல்ல வேண்டியிருந்தது. குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே, 'மடுவூரின் உயரம் ஐந்தடி' என்று போட்டு, ஆதாரமாக ஆவுடையின் படிவத்தை இணைத்து, கீழே அமைச்சர் கையெழுத்திட்டிருந்தார்.

ஆவுடை அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து வந்து காத்தாயியிடம் கொடுத்தாள். பத்தடிக்குக் கீழே என்று அரசு ஒப்புக்கொண்ட ஊருக்குப் பாட்டனார் சட்டப்படி வடிகால் உண்டு, சாவி உண்டு, படகு உண்டு. இருநூற்றுப் பதினோரு குடும்பமும் ரேகை வைத்து, அந்த நகலையும் சேர்த்து மனுப் போட்டார்கள்.

தேர்தல் முடிந்து, மன்னர் மறுபடி ஜெயித்து, பங்குனியில் பதில் வந்தது. மடுவூரின் தாழ்வு வழக்கின் தேவைக்காக மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது என்றும், மழையின் தேவைக்கு அது செல்லாது என்றும், மனுதாரர் காத்தாயியின் படகு சாட்சியப் பொருளாக நீதிமன்றத்தில் இருப்பதால் தீர்ப்பு வரும்வரை மடுவூர் மக்கள் மேட்டில் வசிப்பதாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

காத்தாயி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஆட்டுக்கொட்டகைக்குப் போய், பழையது போலவே ஒரு புதுக் கூரைக்கு எத்தனை அடி மரம் வேண்டும் என்று ஆவுடையை அளக்கச் சொன்னாள்.